பின் சீட்டில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது: வீட்டிலேயே காரின் பின் ஷாக் மாற்றிய அனுபவம்

"பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடுதுப்பா" என்று அம்மா சொல்ல ஆரம்பித்து நாலைந்து மாதம் இருக்கும். "ரோடு அப்படிம்மா" என்பதுதான் என் வழக்கமான பதில். ரோடும் அப்படித்தான் இருந்தது என்பதால் பேச்சு அதோடு நின்றுவிடும். ஒருநாள் தம்பி ஓட்டினான். நான் பின்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வேகத்தடையில் வண்டியின் முன்பக்கம் ஏறி இறங்கியது, சரி. பின்பக்கம் ஏறி இறங்கி, மறுபடி எழும்பி, மறுபடி இறங்கி, மூன்றாவது முறையும் லேசாக ஆடிவிட்டுத்தான் அடங்கியது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

வண்டி 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதாக வாங்கியபோது இருந்த அதே ஷாக் அப்சார்பர்கள். இவ்வளவு நாள் எனக்கு ஏன் தெரியவில்லை என்று யோசித்தால் காரணம் எளிது. ஓட்டுபவர் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பின் சீட்டு கிட்டத்தட்ட பின் அச்சின் தலைமேலேயே இருக்கிறது. அதோடு ஷாக் ஒரே நாளில் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது, நாமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்கிறோம். தினமும் ஓட்டுகிறவன் இந்த விஷயத்தில் நல்ல சாட்சி இல்லை.

அடுத்த நாள் காலையில் எல்லோரும் செய்கிற சோதனையை நானும் செய்தேன். டிக்கியின் மூலையில் கை வைத்து நன்றாக அமுக்கி விட்டேன். எழும்பி ஒரு தடவை ஆடி நின்றுவிட்டது. பாஸ்! ஆனால் நேற்று நான் பட்டது பொய்யில்லையே. இங்கே ஷாக் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக்கின் வேலை அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான். உள்ளே எண்ணெய், அதற்குள் சின்னச் சின்ன வால்வுகள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்த வால்வுகளின் வழியே பிதுங்கிப் போக வேண்டும். அந்த இழுபறியில் ஆட்டத்தின் சக்தி சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு எதிர்ப்பு. நான் கையால் அமுக்கும் வேகம் வேகத்தடையின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. போதாததற்கு இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களின் இறுக்கமும் சேர்ந்து ஆட்டத்தை நிறுத்திவிடும். அடியோடு செத்த ஷாக்கை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாதி உயிரோடு இருப்பதை நல்லது என்று சொல்லி அனுப்பிவிடும்.

சரி, கண்ணால் பார்ப்போம் என்று டார்ச்சோடு கீழே குனிந்தேன். இடது ஷாக்கின் உடம்பு மேலிருந்து கீழ்வரை கறுப்பாக, எண்ணெயில் தூசி ஒட்டி அப்பிப்போய் இருந்தது. எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் மேல் சீல் அருகே லேசான ஈரம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பிஸ்டனோடு இணைந்த தண்டு ஏறி இறங்கும்போது கொஞ்சம் எண்ணெய்ப் படலம் வெளியே வருவது இயல்புதான். ஆனால் இப்படிக் கோடு கோடாக வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். வலது பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. அதைப் பார்த்து "ஒன்றுதானே போச்சு" என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் தப்பு என்பது பிறகு தெரிந்தது.

டயரிலும் ஆதாரம் இருந்தது. பின் டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவினால் மேடும் பள்ளமுமாக அலை அலையாய்க் கைக்குத் தட்டுப்பட்டது. அடங்காமல் குதிக்கிற சக்கரம் தரையில் பட்டுப் பட்டு எழும்புவதால் வருகிற தேய்மானம் இது. இரண்டு மாதமாகக் கேட்ட 'ஊம்ம்' சத்தத்துக்கு வீல் பேலன்சிங் செய்து பார்த்து ஏமாந்தது நினைவுக்கு வந்தது. குதிக்கிற டயருக்குப் பிடிமானமும் குறையும், பிரேக் பிடிக்கும்போது நிற்கிற தூரமும் கூடும். ஆக இது வெறும் சொகுசுப் பிரச்சினை இல்லை.

வீட்டில் செய்யலாமா, பட்டறைக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய ஒரே கேள்விதான்: ஸ்பிரிங் எங்கே இருக்கிறது? என் வண்டியில் பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்திரம் மாதிரியான அச்சு. அதில் ஸ்பிரிங் தனி இடத்தில், ஷாக் தனி இடத்தில். ஷாக்கை மட்டும் கழற்றலாம். சில வண்டிகளில் பின்னாலும் ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருக்கும். முன்பக்கம் பெரும்பாலான கார்களில் அப்படித்தான். அமுங்கிய ஸ்பிரிங்கின் நடுவே இருக்கும் மேல் நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் கழற்றினால் எது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. என் வண்டியின் முன்பக்கத்தை நான் தொடவே மாட்டேன். பின்பக்கம், தைரியமாகத் தொட்டேன்.

ஷாக்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் வளைவிலும் பிரேக்கிலும் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து இரண்டு ஷாக், இரண்டு பம்ப் ஸ்டாப், இரண்டு தூசி உறை, மேல் ரப்பர் புஷ்களும் வாஷர்களும், கீழே போடும் போல்ட், எல்லா இடத்துக்கும் புது நட் என்று வாங்கினேன். பம்ப் ஸ்டாப் என்பது தண்டின் மேல் உட்காரும் பஞ்சு மாதிரியான கட்டை. ஷாக் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்குவது அதுதான். சின்னப் பொருள் என்று அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பழையதைக் கழற்றியபோது என் கையில் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. நைலான் வளையம் உள்ள லாக் நட்டையும் திரும்பப் போடக் கூடாது. ஒருமுறை இறுக்கிய நைலான் மறுமுறை அதே பிடியைத் தராது.

முதல் நாள் ராத்திரியே பாதி வேலை நடக்கிறது என்று சொல்வேன். கீழ் போல்ட்டுகளின் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, துரு இளக்கும் ஸ்பிரேயைத் தாராளமாக அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். டிக்கிக்குள் ஓரத் துணி உறையை விலக்கி மேல் நட்டுகளுக்கும் அதே உபசாரம். இன்னொன்றும் செய்தேன்: வண்டி தரையில் நிற்கும்போதே, பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை அளந்து குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் 375 மி.மீ. இந்த எண் எதற்கு என்று பின்னால் வருகிறது.

காலை ஏழு மணிக்கு ஆரம்பம். சமதளமான சிமெண்ட் தரை. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை, கியர் முதலாவதில். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது காற்றில் நிற்கும் சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? முன்சக்கர இழுவை உள்ள வண்டியில் தரையில் இருக்கும் முன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது கியரும் கட்டையும்தான். வண்டி தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை இளக்கிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகத் தூக்கி, கதவுக்குக் கீழே அதற்கென்று பலப்படுத்தியிருக்கும் இடங்களில் ஸ்டாண்ட் போட்டோம். பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்தேன். கீழே படுத்த பிறகு சந்தேகப்படுவதைவிட இது மேல். கழற்றிய சக்கரங்களையும் சும்மா போடவில்லை, ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் எந்தச் சமாதானத்தையும் நான் கேட்கத் தயாரில்லை.

இடது பக்கம் முதலில். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த வகை அச்சு அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். அதைக் கழற்றினால் அச்சு தொப்பென்று இறங்கும், ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவலாம், பிரேக் ஹோஸ் இழுபடலாம், ஏபிஎஸ் ஒயரும்தான். அதனால் தள்ளு ஜாக்கியை அச்சின் அந்தப் பக்கத்துக்கு அடியில், ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஷாக் இழுபடாத உயரத்துக்கு லேசாகத் தூக்கி நிறுத்தினேன். ஒரு பக்கம் முழுதாக முடிகிறவரை மறுபக்க ஷாக்கைத் தொடக் கூடாது என்பது தம்பிக்கும் எனக்கும் ஒப்பந்தம். ஆர்வக்கோளாறில் அவன் அந்தப் பக்கம் ஸ்பேனரோடு போய்விடுவான்.

மேல் நட்டு டிக்கிக்குள். நட்டைத் திருகினால் தண்டும் சேர்ந்து சுற்றும், ஏனென்றால் உள்ளே பிஸ்டன் உருளைக்குள் தாராளமாகச் சுற்றக் கூடியது. அதற்காகவே தண்டின் நுனியில் இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். சில ஷாக்கில் ஆலன் கீ போடும் குழி இருக்கும். என்னுடையதில் நட்டுக்கு வளைந்த ரிங் ஸ்பேனர் 14, தண்டின் நுனிக்குச் சின்ன ஸ்பேனர் 6. சாக்கெட்டைப் போட்டால் நுனியைப் பிடிக்க வழியில்லை. ஏர் கன்னோ இம்பாக்ட் ரெஞ்சோ போட்டு அடித்தால் தண்டு பம்பரமாகச் சுற்றுமே தவிர நட்டு கழலும் என்ற உத்தரவாதம் இல்லை. இடது பக்கம் சமர்த்தாகக் கழன்றது. கீழ் போல்ட்டும் ஒரு முனகலோடு வந்துவிட்டது. ஜாக்கியை மெல்ல இறக்கினேன், பிரேக் ஹோஸில் ஒரு கண். ஷாக் வெளியே. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வேகத்தில் மதியத்துக்குள் வண்டியைக் கழுவிக்கூட விடலாம் என்று தம்பியிடம் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

புது ஷாக்கை உடனே மாட்டவில்லை. இரட்டைக் குழாய் வகை ஷாக் கடையில் எத்தனை மாதம் படுத்தே கிடந்ததோ, அந்நேரத்தில் உள்ளே இருக்கும் வாயு, பிஸ்டன் ஓடும் உள்குழாய்க்குள் புகுந்திருக்கும். நிமிர்த்தி, தண்டு மேலே இருக்கும்படி பிடித்து, முழுக்க அமுக்கி, முழுக்க இழுத்து, நாலைந்து முறை நிதானமாகச் செய்தேன். முதல் இரண்டு முறை நடுவில் 'லொடக்' என்று ஒரு வெற்றிடம் தெரிந்தது. அப்புறம் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீரான இறுக்கம். அமுக்குவதைவிட இழுப்பதற்கு அதிக பலம் வேண்டியிருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும்: சக்கரம் மேடு ஏறும்போது ஓரளவு விட்டுக்கொடுத்து, அமுங்கிய ஸ்பிரிங் திருப்பி உதைக்கும்போது இறுக்கிப் பிடிப்பதுதான் ஷாக்கின் குணம்.

தம்பி பழையதையும் அதே மாதிரி அமுக்கிப் பார்த்தான். எண்ணெய் வழிந்த அந்த இடது ஷாக், வாஷர் போன சைக்கிள் பம்பு மாதிரி வழவழவென்று உள்ளே போனது. விட்ட இடத்திலேயே நின்றது. வாயு நிரப்பிய ஷாக் என்றால் அமுக்கி விட்டதும் தானாக மெல்ல நீள வேண்டும். இதில் எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை. "அண்ணா, இதுக்குப் பதிலா ஒரு குச்சி வெச்சிருந்தாலும் இதே வேலைதான் பார்த்திருக்கும்" என்றான்.

புதியதில் பம்ப் ஸ்டாப், தூசி உறை, கீழ் வாஷர், கீழ் ரப்பர் என்று வரிசையாகத் தண்டில் கோத்து, மேல் துளை வழியே நுனியை விட்டு, டிக்கிக்குள் மேல் ரப்பர், வாஷர், நட்டு நாலு மரை மட்டும். பிறகு, அமுக்கி இழுத்துப் பார்த்தபின் ஷாக்கை மறுபடி அமுக்கிக் கட்டியிருந்த பட்டையை வெட்டினால் அது தானாக நீண்டு கீழ் மாட்டியை நோக்கி வரும். முதலிலேயே பட்டையை வெட்டிவிட்டு, நீண்டு நிற்கும் ஷாக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜாக்கியால் அச்சை ஏற்றி இறக்கித் துளையை நேராக்கினேன். போல்ட் நுழைந்தது, நட்டை விரலால் மட்டும் திருகிவிட்டேன். முழு இறுக்கம் இப்போது இல்லை.

வலது பக்கம் போனோம். அங்கே கதை வேறு. மேலே சின்ன ஸ்பேனரைப் போட்டதும் தண்டின் நுனி வழுக்கியது. துருவால் தட்டைப் பக்கங்கள் கரைந்து கிட்டத்தட்ட உருண்டையாகிவிட்டிருந்தன. இன்னொரு முறை, கொஞ்சம் அழுத்தி. முழு உருண்டை. நட்டைத் திருகினால் தண்டு சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. நுனியைப் பிடிக்க மேலே இடமில்லை. அரை மணி நேரம் விதவிதமாக முயன்று கை சிராய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கீழிருந்து வழி கிடைத்தது. ஜாக்கியை இறக்கி ஷாக்கை முழுக்க நீளவிட்டோம். பழைய தூசி உறையை பிளேடால் கிழித்து எடுத்தால் பளபளக்கும் தண்டு நாலு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. தம்பி சக்கரக் குழிக்குள் தலையை விட்டு, லாக்கிங் பிளையரால் அந்தத் தண்டைக் கடித்துப் பிடித்தான். நான் டிக்கிக்குள் முழங்காலிட்டு ஸ்பேனரைத் தள்ளினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம், நட்டு அசைந்தது. இதைப் பழைய ஷாக்கில் மட்டும் செய்யலாம். புதியதின் தண்டில் பிளையர் பட்டால் குரோம் பூச்சில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். தூக்கிப் போடப்போகிற பொருளை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம்.

அடுத்தது கீழ் போல்ட். நட்டு சுலபமாக வந்துவிட்டது. போல்ட் வரவில்லை. ஷாக்கின் கீழ்க் கண்ணுக்குள் ஒரு ரப்பர் புஷ், அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட். இந்த இரும்புக் குழாயும் போல்ட்டும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. போல்ட்டின் தலையைத் திருகினால் கால் சுற்று போகிறது. கையை எடுத்தால் ரப்பர் இழுத்து அதே இடத்துக்குத் திரும்ப வருகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், நம் வண்டியாக இல்லாத பட்சத்தில்.

நட்டை மறுபடி நுனியில் நாலு மரைக்கு மாட்டி, நட்டின் முகமும் போல்ட்டின் முகமும் சமமாக இருக்கும்படி வைத்துச் சுத்தியலால் அடித்தேன். நேரே போல்ட்டின் மேல் அடித்தால் முனை பூப்போல விரிந்து பிறகு துளை வழியே வராது. அடித்தேன், ஸ்பிரே அடித்தேன், பதினைந்து நிமிடம் விட்டேன், மறுபடி அடித்தேன். அசையவில்லை. தம்பி கிரைண்டரை எடுத்து வரட்டுமா என்று கேட்டான். இன்னொருவர் கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டச் சொன்னது எனக்கும் நினைவில் இருந்தது. ஆனால் கையை உயர்த்தினால் எட்டும் தூரத்தில் பெட்ரோல் நிரப்பும் குழாய். அதற்கு முன்னால் டேங்க். நெருப்பும் வேண்டாம், நெருப்புப்பொறியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய ஷாக்குக்குள் எண்ணெயும் வாயுவும் இருக்கிறது, அதைச் சூடாக்குவதும் ஆபத்துதான்.

வென்றது பொறுமை என்று சொல்ல ஆசை. உண்மையில் வென்றது நீளமான கம்பி. போல்ட்டின் தலைக்கு நீண்ட பிரேக்கர் பார் போட்டு நான் முன்னும் பின்னுமாகத் திருகிக்கொண்டே இருக்க, மறுமுனையில் தம்பி விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான். இருபது, முப்பது முறை. ரப்பரின் முறுக்கும் சுத்தியலின் அதிர்வும் சேர்ந்து எங்கோ ஓர் இடத்தில் துரு உடைந்தது. செம்மண் மாதிரி பொடி கொட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் இரண்டு மி.மீ. நகர்ந்து, கடைசியில் தரையில் 'ணங்'கென்று விழுந்தது. மணி பன்னிரண்டரை. இடது பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம், வலது பக்கத்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

காய்ந்து சுத்தமாக இருந்த இந்த வலது ஷாக்கை ஆவலோடு அமுக்கிப் பார்த்தேன். வாயு இருந்தது, விட்டால் தானாக நீண்டது. ஆனால் ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் முதல் இரண்டு செ.மீ. எந்த எதிர்ப்பும் இல்லை, அதற்கப்புறம்தான் பிடித்தது. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் சக்கரம் ஆடுவதே அந்த இரண்டு செ.மீ.க்குள்தானே. வெளியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமலே ஷாக் செத்திருக்கலாம். கசிவு இல்லை என்பதை மட்டும் வைத்து நல்ல ஷாக் என்று யாராவது சொன்னால் இனி நான் நம்பப்போவதில்லை.

வலது பக்கத்தில் பட்ட அவதியால் இந்த முறை எல்லாவற்றையும் கழற்றும்போதே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மாட்டுவது நிம்மதியாக முடிந்தது. புது போல்ட்டின் நடுப்பகுதியில், மரை இல்லாத வழவழப்பான இடத்தில் மட்டும், லேசாக கிரீஸ் தடவினேன். அடுத்த முறை கழற்றுகிறவன் நானாக இருந்தால் என்னை வாழ்த்துவேன். மரையில் தடவவில்லை. மரையில் வழவழப்பு இருந்தால், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது போல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கும். ரப்பர் புஷ்ஷுக்கும் கிரீஸ் ஆகாது, பெட்ரோலியம் கலந்தது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது அந்த 375. கீழ் போல்ட்டை இறுக்கும்போது நட்டும் மாட்டியும் புஷ்ஷின் நடுக் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. அதற்கப்புறம் சக்கரம் ஏறி இறங்கும்போது சுற்றுவது குழாய் அல்ல, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. அச்சு காற்றில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதுமே ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிய நிலையில் நிற்கும், எப்போதும். சீக்கிரம் கிழியும். ஆகவே வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு அச்சைக் கொண்டுவந்து இறுக்க வேண்டும். ஜாக்கியால் அச்சை மெல்ல ஏற்றி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை 375 மி.மீ. வந்ததும் நிறுத்தி டார்க் ரெஞ்சைப் போட்டேன். அந்த உயரத்தில் வண்டி உடம்பின் எடை ஸ்டாண்டிலிருந்து ஸ்பிரிங்குக்கு வந்துவிடும், வண்டி ஸ்டாண்டைவிட்டு எழும்பத் துடிக்கும். அதற்கு மேல் ஒரு தள்ளுகூடத் தள்ளக் கூடாது. என் வண்டியின் கையேட்டில் கீழ் போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர், மேல் நட்டுக்கு 25. இது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மேல் நட்டு அவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று கூடுதலாக ஒரு இழுப்பு இழுக்கத் தோன்றும். அங்கே இருப்பது மெல்லிய மரை.

சக்கரம் மாட்டி, இறக்கி, வீல் நட்டுகளைத் தரையில் வைத்து இறுக்கி, தெருவில் ஒரு சுற்று. வேகத்தடை: ஏறியது, இறங்கியது, முடிந்தது. ஆகா! ஆனால் திரும்பி வரும்போது சின்னக் குழிகளில் இடது பின்பக்கம் 'டொக்... டொக்'. வலது பக்கம் இல்லை. சிரமப்பட்டுக் கழற்றிய பக்கம் ஊமை, சுலபமாக முடிந்த பக்கம் பேசுகிறது.

டிக்கி உறையை மறுபடி எடுத்து, வலது பக்கத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல் வாஷர் தட்டையானது இல்லை, தட்டு மாதிரி குழிந்தது. குழிந்த பக்கம் ரப்பரை அணைத்துக்கொள்ள வேண்டும். வலதில் அப்படித்தான் இருந்தது. இடதில் கவிழ்ந்த தட்டைப் போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. ரப்பர் சரியாக அமுங்காமல் தண்டுக்கு ஓர் இம்மி இடம் கிடைத்து, அதுதான் தட்டிக்கொண்டிருந்தது. படம் எடுக்காத ஒரே பக்கம் இது. நட்டைக் கழற்றி வாஷரைத் திருப்பிப் போட்டு, மறுபடி 25. லாக் நட்டையும் மாற்றினேன், நல்லவேளையாக உபரியாக இரண்டு வாங்கியிருந்தேன். சத்தம் நின்றது.

வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டுமா என்று தம்பி கேட்டான். இந்த அமைப்பில் சக்கரத்தின் கோணத்தை நிர்ணயிப்பது அச்சுதான், ஷாக் அதில் தலையிடுவதில்லை. அதனால் தேவையில்லை. முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றியிருந்தால் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். 'ஊம்ம்' சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அலை அலையாகத் தேய்ந்த டயர் ஷாக் மாற்றியதும் ஆறிவிடாது. பழைய ஷாக்குகளை இரும்புக் கடையில் போடும்போது உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கிறது, வெட்டவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் அம்மாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து அதே பாதையில் ஓட்டினேன். மூன்று வேகத்தடை தாண்டும்வரை காத்திருந்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ரோடு போட்டுட்டாங்களாப்பா?" என்றார்.

100 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். கீழ் போல்ட்டுகள் அசையவில்லை. இடது மேல் நட்டு மட்டும், புது ரப்பர் படிந்ததாலோ என்னவோ, கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்து 'கிளிக்' என்றது.